பறப்புரையாளர்

சாத்தூரில் ஓர் அச்சகத்தில் அங்கயற்கண்ணிக்குப் பிழை திருத்தும் வேலை. பதினெட்டு வருடங்களில் அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பிழைகூட வெளியே போனதில்லை. ஊருக்கே அது தெரியும்.

ஒரு நாள் 'இடிமுழக்கம்' தணிகாசலம் நான்கு ஆட்களோடு சுவரொட்டி அடிக்க வந்தார்.

"என் பேருக்கு முன்னால 'பிரச்சாரகர்' வேண்டாம், வடமொழி. 'பேச்சாளர்'னா கல்யாண வீட்டுல மைக் பிடிக்கிறவனும் பேச்சாளர்தான். 'ஊதுகுழல்' எதிர்க்கட்சிக்காரனுக்குச் சொல்றது. அதான் நல்ல தமிழ்ல நானே எழுதிட்டு வந்திருக்கேன்" என்று சீட்டை நீட்டினார்.

அதில் 'பறப்புரையாளர்' என்றிருந்தது.

"அண்ணே, பரப்புறதுக்குச் சின்ன ர..."

"ஏம்மா, நாப்பது வருஷமா மேடை ஏறுறவனுக்கா எழுத்துச் சொல்லித்தர்றே? ஓர் எழுத்தை மாத்தினே, உன் வேலை போச்சு!"

முதலாளியும் தலையை ஆட்டினார். மாற்றினால் வேலை போகும். மாற்றாவிட்டால் பதினெட்டு வருடப் பெயர் போகும்.

அங்கயற்கண்ணி சீட்டை இன்னொரு முறை நிதானமாகப் படித்தாள்.

"மன்னிச்சுக்கோங்கண்ணே, தப்பு என்னோடதுதான். கொள்கையைப் பரப்புறவர்னா ஒரு கட்சியில நிக்கணும். நீங்க போன தேர்தலுக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணு, இப்ப ஒண்ணு. உங்களுக்குப் பெரிய ற-தான் பொருத்தம். அப்படியே அடிச்சிரலாம்."

கூட வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். தணிகாசலம் சீட்டைப் பிடுங்கி, 'ற'வை அடித்து 'ர' என்று எழுதினார்.

அவள் அதை வாங்கி, சரிதான் என்று பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே. எழுத்தை மாத்தினது நானில்லைன்னு இருக்கணும்ல."