பாதிப் பாலமும் சருகுமான் கேட்ட கேள்வியும்

ஒரு காட்டில், ஆற்றங்கரை மணலில், கொக்கு வாத்தியார் ஒரு வகுப்பு நடத்திவந்தார். பாட்டு வகுப்பா என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. அது நிறுவன நிதி வகுப்பு. பலர் சேர்ந்து ஒரு தொழில் தொடங்கினால், அதற்கு வேண்டியதை எப்படித் திரட்டுவது, எதில் போடுவது, எதில் போடாமல் இருப்பது, வந்த லாபத்தை எப்படிப் பிரிப்பது, இதெல்லாம்தான் அங்கே பாடம்.

முதல் நாள் வாத்தியார், "தொழில் தொடங்க வேண்டுமென்றால் முதலில் முதலைத் திரட்ட வேண்டும்" என்றார். அதைக் கேட்டதும் பாதி வகுப்பு மரத்தில் ஏறிக்கொண்டது. அவர் சொன்னது ஆற்று முதலையை அல்ல, போடும் முதலை என்று புரியவைத்துக் கீழே இறக்குவதற்குள் வாத்தியாருக்குத் தொண்டை வறண்டுபோயிற்று.

அந்த வகுப்பில் சுருளி என்ற மந்திக் குட்டி படித்தது. எதைச் சொன்னாலும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிடும். தும்பை என்ற சருகுமானும் படித்தது. சருகுமான் என்பது முயல் அளவே இருக்கும் சின்ன மான். தும்பைக்கு ஒரு பாடம் புரியாவிட்டால் அடுத்த பாடம் காதில் ஏறாது. "ஐயா, எனக்குப் புரியவில்லை" என்று அது சொல்லும்போதெல்லாம் சுருளி வாலால் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கும்.

அந்தக் காட்டில் அப்போது ஒரு பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. ஆற்றின் அக்கரையில் நாவல் தோப்பு இருந்தது. போக வழியில்லை. ஆகவே கரடி தலைமையில் எல்லா விலங்குகளும் சேர்ந்து ஒரு பாலக் கம்பெனி தொடங்கின. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தினை, கிழங்கு, காய்ந்த இலந்தைப் பழம் என்று முடிந்ததைக் கொண்டுவந்து ஒரு குகையில் சேர்த்தார்கள். யார் எவ்வளவு போட்டார்களோ அவர்களுக்கு அவ்வளவு பங்கு. பாலம் கட்டும் நீர்நாய்களுக்கு அந்தச் சேமிப்பிலிருந்து சாப்பாடு. கட்டி முடித்த பிறகு, பாலத்தில் நடப்பவர்கள் கொஞ்சம் பழம் கொடுக்க வேண்டும். அந்தப் பழத்தைப் பங்குக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்வதாக ஏற்பாடு.

தும்பையின் அம்மாவும் வெயிலில் காயவைத்த இலந்தைப் பழம் முழுவதையும் அதில் போட்டிருந்தது.

மூங்கில் தூண்கள் ஆற்றின் பாதிவரை எழுந்து நின்றன. குகையில் சேமிப்பும் பாதி தீர்ந்திருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் பெருங்காற்று அடித்தது. ஆற்று வளைவில் நின்ற பெரிய மருத மரம் வேரோடு சாய்ந்து, இக்கரைக்கும் அக்கரைக்கும் குறுக்கே விழுந்தது. மறுநாளே அணில்கள் அதன்மேல் ஓடின. அதற்கு அடுத்த நாள் காட்டுப்பன்றி குடும்பத்தோடு நடந்துபோய், வாயெல்லாம் நாவல் நிறத்தோடு திரும்பியது. எல்லாருக்கும் இலவசமாக வழி கிடைத்துவிட்டது.

அப்படியிருந்தும் பால வேலை நிற்கவில்லை.

கொக்கு வாத்தியார் மாணவர்களைக் கூப்பிட்டார். "இந்த வருஷம் உங்களுக்கு மணலில் எழுதும் பரீட்சை கிடையாது. கம்பெனியின் பங்குதாரர்கள் கூட்டம் நடக்கப்போகிறது. போய்ப் பாருங்கள். மீதிச் சேமிப்பை என்ன செய்ய வேண்டும் என்று யோசித்து வந்து சொல்லுங்கள். நான் நடத்திய பாடம் நினைவிருக்கிறதல்லவா?"

சுருளி உடனே எழுந்து ஒப்பித்தது. "முதலீட்டுத் தீர்மானத்தில் கடந்தகாலச் செலவினம் கருத்தில் கொள்ளப்படலாகாது."

"அதாவது?" என்றார் வாத்தியார்.

சுருளி அதையே இன்னொரு முறை, இன்னும் வேகமாக ஒப்பித்தது.

தும்பை தயங்கித் தயங்கி எழுந்தது. "ஐயா, எனக்குப் புரியவில்லை. போட்டதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றால் எப்படி? அந்தப் பழத்தை அம்மாவோடு நானும்தான் சுமந்துபோனேன். முதுகு வலித்தது. அதை இல்லையென்று வைத்துக்கொள்ள மனசு வரவில்லையே."

வாத்தியார் ஒற்றைக் காலை மாற்றி நின்றார். "மனசு வராதுதான். அதனால்தான் அதைப் பாடமாக வைத்திருக்கிறோம். யோசித்துப் பார்" என்று சொல்லிவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார்.

தும்பை யோசித்துக்கொண்டே காட்டுக்குள் நடந்தது. பசித்தது. ஒரு அத்தி மரத்தடியில் போய் நின்றது. பழம் விழுந்தால் தின்னலாம் என்று அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தது. நேரம் போயிற்று. ஒன்றும் விழவில்லை. கழுத்து வலித்தது. 'இவ்வளவு நேரம் நின்றுவிட்டோம், இப்போது போனால் நின்றதெல்லாம் வீணாகிவிடுமே' என்று இன்னும் நின்றது.

அப்போது அந்தப் பக்கமாக ஒரு முயல் வந்தது. மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தது. "எல்லாம் காய்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நிற்காமல் அடுத்த மரத்தடிக்குத் தாவிப்போனது. அங்கே உதிர்ந்து கிடந்த பழங்களை நிதானமாகத் தின்னத் தொடங்கியது.

தும்பை வாயைப் பிளந்து நின்றது. முயலுக்கும் அதே மரம், தனக்கும் அதே மரம். முயல் ஒரு நொடியில் கண்டதைத் தான் ஏன் காணவில்லை? முயல் அங்கே காத்திருக்கவில்லை. அதனால் அதற்கு மரத்தில் இருந்தது மட்டும் தெரிந்தது. தும்பையின் கண்ணுக்கோ, தான் காத்திருந்த நேரம்தான் தெரிந்துகொண்டிருந்தது.

தும்பைக்குச் சிரிப்பு வந்தது. "தள்ளிக்கொள், முயலே, எனக்கும் இரண்டு பழம் வை" என்று சொல்லிக்கொண்டே ஓடியது. வயிறு நிறையத் தின்றுவிட்டு நேரே கூட்டத்துக்குப் போனது.

கூட்டத்தில் கரடி பாறைமேல் ஏறி நின்றது. பாலத்துக்குத் தன் பெயரை வைக்கப்போகிறார்கள் என்பதில் அதற்கு ரொம்பப் பெருமை. வீம்பும் கொஞ்சம் அதிகம்.

"பங்குதாரர்களே, பாதிப் பாலம் எழும்பிவிட்டது. இப்போது நிறுத்தினால் இதுவரை போட்டதெல்லாம் வீண். ஆகவே மீதிச் சேமிப்பையும் போட்டுக் கட்டி முடிப்போம்" என்றது.

நீர்நாய் ஒன்று தலையைச் சொறிந்தது. "தலைவரே, கட்டுவது எங்களுக்குச் சிரமமில்லை. ஆனால் மருத மரத்தில் எல்லாரும் சும்மா நடக்கிறார்கள். பழம் கொடுத்து நம் பாலத்துக்கு யார் வருவார்கள்? மழைக்காலமும் வருகிறது. குகையைக் காலி செய்துவிட்டால் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்போம்?"

கூட்டம் முணுமுணுத்தது. அந்த நேரம் பார்த்து நரி முன்னால் வந்தது. பாலத்தின் மூங்கில்களைக் கட்டுவதற்கு வேண்டிய கொடிகளைக் கொடுப்பது நரிதான். ஒரு கட்டுக் கொடிக்கு ஒரு கூடை கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தது.

"மரம் வழுக்கும், அன்பர்களே" என்றது நரி குழைவாக. "பாலம் முடியட்டும். பழம் மலைபோலக் குவியும். பாதி வந்துவிட்டு யாராவது திரும்புவார்களா? தலைவர் பெயர் என்னாவது? கொடிக்குக் கவலை வேண்டாம். நான் தருகிறேன். விலையைக்கூட ஏற்ற மாட்டேன்."

கரடிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பலர் தலையாட்டினார்கள்.

சுருளி துள்ளி எழுந்தது. "முதலீட்டுத் தீர்மானத்தில் கடந்தகாலச் செலவினம் கருத்தில் கொள்ளப்படலாகாது" என்றது.

"அப்படியென்றால்?" என்று கேட்டது கரடி.

"அது வாத்தியாருக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சுருளி உட்கார்ந்துகொண்டது.

தும்பை எழுந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் அது பேசியதே இல்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா நகர்ந்து வழிவிட்டது. தும்பை முன்னால் போய் நின்றது.

"நரி மாமா, பாலம் முடிந்தால் பழம் குவியும் என்றீர்களே. நிஜமாகவா?"

"நிஜமாக, கண்ணு. அள்ளி மாளாது."

"அப்படியென்றால் கொடிக்குக் கிழங்கு வாங்காதீர்கள், மாமா. கிழங்கு தின்றால் தீர்ந்துபோகும். அதற்குப் பதிலாகப் பாலத்தில் பங்கு வாங்கிக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் பழம் வருமே."

நரி மீசையைத் தடவியது. "நான் எளியவன். எனக்குப் பங்கெல்லாம் எதற்கு? கிழங்கே போதும்."

"அப்படிச் சொல்லாதீர்கள். இதைவிட நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. தலைவர் சம்மதித்தால், இதுவரை கட்டிய பாதிப் பாலத்தை உங்களுக்குச் சும்மாவே கொடுத்துவிடலாம். நின்ற தூணெல்லாம் உங்களுடையது. மீதியை மட்டும் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் கிழங்கைப் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். வரும் பழம் அத்தனையும் உங்களுக்கே."

நரி பதறிப்போயிற்று. "என் கிழங்கையா? சும்மா நடக்க அங்கே அவ்வளவு பெரிய மரம் கிடக்கும்போது, என் கிழங்கைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டவா? எனக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கிறது?"

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று நரிக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டது. ஆனால் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. முதலில் நீர்நாய் சிரித்தது. அப்புறம் காட்டுப்பன்றி. பிறகு கூட்டம் முழுவதும் சிரித்தது.

கரடி மட்டும் சிரிக்கவில்லை. தும்பை அதன் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டது. "தலைவரே, நீங்கள் வேறு காட்டிலிருந்து இன்றைக்குத்தான் இங்கே வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பாலம் நிற்கிறது. மருத மரமும் கிடக்கிறது. குகைச் சேமிப்பு உங்கள் கையில் இருக்கிறது. அதை எடுத்துப் பாலத்தில் போடுவீர்களா?"

கரடி ஆற்றைப் பார்த்தது. மருத மரத்தின்மேல் ஒரு காட்டுக்கோழி தன் குஞ்சுகளோடு சாவதானமாக அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மாட்டேன்" என்றது கரடி. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டது. "அப்படியானால், நான் தொடங்கியதே முட்டாள்தனமா?"

"இல்லை, தலைவரே. மரம் விழும் என்று யாருக்குத் தெரியும்? அதற்கு முன்னால் போட்டது சரிதான். எங்கள் அம்மாவும் யோசித்துத்தான் போட்டது. மரம் விழுந்த பிறகு போடுவதுதான் சரியில்லை."

கரடி நெடுமூச்சு விட்டது. தோளிலிருந்து ஒரு மூங்கில் கட்டை இறக்கி வைத்ததுபோல அதன் முகம் இலகுவாயிற்று. "வேலையை நிறுத்துங்கள். பாலத்துக்கு என் பெயர் வேண்டாம், மருத மரத்துக்கு அதன் பெயரே இருக்கட்டும்" என்றது.

அப்புறம் மீதியை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. சுருளி, "நாம் ஒரு கோபுரம் கட்டலாம்" என்றது.

"கட்டினால் என்ன வரும்?" என்று நீர்நாய் கேட்டது.

"உயரமாக இருக்கும்" என்றது சுருளி. கோபுரம் அத்தோடு போயிற்று.

தண்ணீரில் நட்ட தூண்களைப் பிடுங்கலாமா என்று யாரோ கேட்டார்கள். புதிதாக மூங்கில் வெட்டுவதைவிட அதற்கு அதிகப் பாடு என்று நீர்நாய்கள் சொல்லின. ஆகவே தூண்களை அப்படியே விட்டார்கள். மீன்கொத்திகள் வந்து உட்கார்ந்துகொண்டன.

கரையில் வெட்டி அடுக்கிய மூங்கில் நிறையக் கிடந்தது. தும்பையின் அம்மா ஒரு யோசனை சொன்னது. "ஒவ்வொரு மழைக்காலமும் குகைக்குள் தண்ணீர் கசிந்து தினை புழுத்துப்போகிறது. இந்த மூங்கிலால் ஒரு பரண் கட்டினால் தானியம் நனையாமல் இருக்குமே."

கட்டுவதற்கு என்ன ஆகும், கட்டினால் எவ்வளவு மிஞ்சும் என்று எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். கட்டுபவர்களின் சாப்பாட்டைப்போலப் பல மடங்கு தினை புழுக்காமல் தப்பும் என்று தெரிந்தது. பரண் எழுந்தது. அதற்கு ஒரே ஒரு கட்டுக் கொடி தேவைப்பட்டது. நரிதான் கொடுத்தது. இந்தமுறை நீர்நாய் பேரம் பேசி அரைக் கூடைக் கிழங்குக்கு வாங்கியது.

மழை கொட்டித் தீர்த்தது. குகை ஈரமாயிற்று. பரணில் தினை மணமாக, கலகலவென்று இருந்தது. அவரவர் பங்கை வாங்கிப்போய் அடுப்பு இல்லாமலே அந்தக் காடு விருந்து சாப்பிட்டது.

மழை விட்டதும் வகுப்பு மறுபடி தொடங்கியது. வாத்தியார் தும்பையைப் பார்த்து, "தேறிவிட்டாய்" என்றார். சுருளியைப் பார்த்து, "நீ சொன்ன வாக்கியம் சரிதான். அடுத்த வருஷம் அதன் அர்த்தத்தையும் கொண்டுவா" என்றார். பிறகு வட்டிப் பாடத்தை எடுத்தார். வட்டி, அந்த வட்டிக்கு ஒரு வட்டி, அதற்கும் ஒரு வட்டி என்று மணலில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே போனார்.

தும்பை எழுந்தது. "ஐயா, எனக்குப் புரியவில்லை."

சுருளி சிரிப்பதற்காக வாலைத் தூக்கியது. அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

"எனக்கும் புரியவில்லை" என்றது, அன்று காலைதான் வகுப்பில் சேர்ந்திருந்த கரடி.

நீதி: போட்டதை நினைத்து மேலும் போடாதே, வரப்போவதைப் பார்த்துப் போடு.