உறைபனியில் ஒரு விசாரணை

ஊட்டியில் பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைக்கும் பெர்னதெத்துக்கு ஒரே ஒரு சீடர். ஓய்வு பெற்ற தாசில்தார் வேலாயுதம். குருவைவிட சீடருக்குத்தான் வயது அதிகம். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

உறைபனி மூடிய புல்வெளியை, ஒரு கால்தடம்கூட இல்லாமல் படம் பிடித்துவிட வேண்டும். அதுதான் அவர் ஆசை. படத்தை மாட்டுவதற்கு வீட்டுக் கூடத்தில் போன வருடமே ஆணி அடித்துவிட்டார். படம் வராததால் அவர் மனைவி அதில் குடையை மாட்டிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் குடையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

நாளையிலிருந்து மேகம் கூடும் என்றார்கள். மேகம் வந்தால் உறைபனி விழாது. இன்றைக்கு விட்டால் அடுத்த வருடம்தான்.

விடியும்போதே இருவரும் ஊருக்கு வெளியே தலைகுந்தா போனார்கள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. புல்வெளி உப்பைக் கொட்டியதுபோல் கிடந்தது. ஜீப் நின்றதும் பின்சீட்டிலிருந்த வேலாயுதம் கதவைத் திறந்தார். பெர்னதெத் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தபடியே, ஜன்னல் வழியாக ஒரு படம் எடுத்துவிட்டு பிளாஸ்க்கைத் திறந்தாள். டீ குடித்துவிட்டு மெதுவாக இறங்கலாம் என்றாள்.

அதற்குள் அவர் போய்விட்டார். காதுக்கு மப்ளர்கூட இல்லை. அந்த வயதில் வழுக்கி விழுந்தால் யார் தூக்குவது என்ற யோசனையும் இல்லை. கேமரா ஸ்டாண்டை ஓரிடத்தில் ஊன்றினார். மின்கம்பி தெரிந்தது. வேறு இடத்துக்குப் போனார். யாரோ காயப்போட்ட போர்வை தெரிந்தது. ஒரு புதரைச் சுற்றினார். கடைசியில் கேமராவில் கண்ணை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மூச்சிரைக்க ஜீப்புக்கு வந்தார்.

“மாஸ்டர், எவனோ புல்வெளி முழுக்க மிதிச்சு வெச்சிருக்கான்.”

“அப்படியா சார்?”

“விடக்கூடாது. ஸ்பாட்டுல விசாரிச்சா ஆள் கிடைச்சிடுவான்.”

பெர்னதெத் ஊற்றிய டீயை அப்படியே வைத்துவிட்டு அவருடன் இறங்கினாள். அவர் கடைசியாக நின்ற இடத்துக்குப் போய், அங்கிருந்து தடத்தை ஒட்டியே நடந்தார்கள். வழியெல்லாம் அவர் திட்டிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நிலையாக நிற்கத் தெரியாதவன் என்றார். புதரைச் சுற்றியிருப்பதைப் பார்த்து, காலையிலேயே குடித்திருப்பான் என்றார்.

அந்த ஆள் நின்ற இடத்திலெல்லாம் தடத்துக்குப் பக்கத்தில் மூன்று சின்னக் குழிகள் இருந்தன.

இன்னும் கொஞ்ச தூரம் திட்டினார். பிறகு குரல் இறங்கியது. தோளில் கிடந்த ஸ்டாண்டின் மூன்று கால்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

தடம் ஜீப்பின் பின்கதவில் போய் முடிந்தது.

அந்நேரம் வெயில் ஏறியது. வெள்ளை போய், புல் வெறும் ஈரப்புல்லாக நின்றது.

வேலாயுதம் ஆறிய டீயைக் குடித்தார். குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“மிதிக்காத பனியை எப்பத்தான் மாஸ்டர் எடுக்கிறது?”

அவள் தன் கேமராவை அவர் பக்கம் திருப்பினாள். ஜன்னல் வழியாக எடுத்த படம். புல்வெளி ஒரு தடம்கூட இல்லாமல் வெள்ளையாக விரிந்திருந்தது. கீழ் மூலையில் மட்டும் ஒரு ஷூ, தரையைத் தொடப் போய்க்கொண்டிருந்தது.

“நீங்க இறங்கறதுக்கு முந்தி எடுக்கணும் சார்” என்றாள் பெர்னதெத். “எனக்கே கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”