வைரமுடிக்குப் போட்ட வேஷம்

ஆவுடைத்தாய்க்கு வந்த முதல் பயம், மகள் போனில் சொன்னதை மற்றவர்களிடம் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். காதில் ஏறியது வாய்க்கு வருவதற்குள் ஒரு சொல் கூடிவிடும், இல்லை ஒரு சொல் உதிர்ந்துவிடும் என்று தன்னைப் பற்றி அவளுக்கே ஒரு நினைப்பு. அதனால் வீட்டிலிருந்து தையல் கூடம் வரைக்கும் வாயை இறுக்க மூடிக்கொண்டு நடந்தாள். எதிரே வந்தவர்கள் எங்கே போகிறாய் என்று கேட்டதற்குக்கூடத் தலையைத்தான் ஆட்டினாள். வாயைத் திறந்தால் உள்ளே இருப்பது கொட்டிப்போகும் அல்லவா.

கடைசியில் ஒரு சொல் பிசகாமல் சரியாகவே சொல்லிவிட்டாள். வினை வந்தது அதனால்தான். நேர்குளத்துத் தையல் சங்கத்தில் எதையும் சரியாகச் சொல்லக் கூடாது. சொன்னால் சொன்னபடியே செய்துவிடுவார்கள்.

விஷயம் இதுதான். ஆவுடையின் மகள் பூமாரி டவுனில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமியார் மரகதவல்லி பெரிய பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. அந்த அம்மாள் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற விழா வருகிறது. கடிகாரமும் சால்வையும் மலைபோல வந்து குவியும். மூத்த மருமகள் வீட்டிலிருந்து வெள்ளிக் குத்துவிளக்கு. பூமாரி போனில் இப்படிச் சொன்னாள்: "கடையில வாங்காதம்மா. கையாலயே செஞ்சு கொண்டா. அத்தைக்குத் துப்பறியும் வைரமுடின்னா உயிரு. அந்த வைரமுடி மாதிரியே இருக்கணும். நம்ம கொண்டு வர்றதப் பாத்து ஒருத்தரும் சிரிச்சிரக் கூடாது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு என்ன மதிப்பு என்பது ஆவுடைக்கு அதிலேயே புரிந்துவிட்டது. 

வைரமுடி என்பவர் ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் வருகிற துப்பறிவாளர். கறுப்புக் கோட்டு, முறுக்கின மீசை, கக்கத்தில் குடை. மாறுவேடம் போட்டால் அவரைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. ஒரு கதையில் பெற்றவளே அவருக்குப் பிச்சை போட்டு, கை கால் நல்லாத்தானே இருக்கு என்று திட்டியும் அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு கதையின் கடைசிப் பக்கத்திலும் வேஷத்தைக் களைந்துவிட்டு, "என்னைப் பார்த்துக்கொண்டேதானே இருந்தீர்கள்" என்பார். இதையெல்லாம் சங்கத்துத் தலைவி லெட்சுமிக்கனி வாசித்துச் சொல்ல, மற்றவர்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

துணியில் வைரமுடி பொம்மை செய்வது என்று முடிவாயிற்று. சங்கத்துக்குத் துணி வெட்டித் தருகிற பிச்சையா மாஸ்டர் கோட்டுக்குத் துணி வெட்டினார். சங்கத்தில் மெஷின் தைக்கிற சங்கரவடிவு உட்கார்ந்து மிதிபலகையில் காலை வைக்கப் போனாள். மாஸ்டர் தடுத்துவிட்டார்.

"கையாலயேன்னு சொல்லியிருக்கு. நீ காலால மிதிக்கியே?"

எல்லாரும் திகைத்துப்போனார்கள். இத்தனை வருஷமாகக் காலால் தைத்த துணியைக் கையால் தைத்தது என்று சொல்லி விற்றிருக்கிறோமே என்று லெட்சுமிக்கனி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஊசியைக் கையில் பிடித்துத் தைத்தால் என்ன என்று ஆவுடை மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். மெஷின் இருக்கும்போது கைத்தையல் போடுவது மெஷினை அவமானப்படுத்துவது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.

ஆகவே மாஸ்டர் மெஷினுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து மிதிபலகையைக் கையால் அமுக்கினார். மேலே சங்கரவடிவு துணியை நகர்த்தினாள். அவள் "நிறுத்துங்க அண்ணாச்சி" என்பாள். அவருக்கு அது காதில் விழுந்து, யோசித்து, நிறுத்துவதற்குள் தையல் துணியைத் தாண்டிப் போயிருக்கும். ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவே விரல் போகும். ஆனால் முழுக்க முழுக்கக் கைவேலை.

எப்படியோ வைரமுடி உருவாகிவிட்டார். மீசை உண்டு, கோட்டு உண்டு, குடையும் உண்டு. மேஜைமேல் உட்காரவைத்தபோது ஆவுடைக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது பால் ஊற்ற வந்த அந்தோணியம்மா எட்டிப்பார்த்து, "அட, வைரமுடில்லா இது" என்றாள்.

ஆவுடை சிரித்தாள். லெட்சுமிக்கனியின் முகம் கறுத்தது.

"பால்காரி கண்டுபிடிச்சிட்டா ஆவுடை. கதையில போலீசுக்கே தெரியாது. பாத்த உடனே தெரிஞ்சா அது எப்படி வைரமுடி ஆகும்?"

"தெரியணும்லா மதினி? சம்பந்தியம்மாவுக்குத் தெரிய வேண்டாமா?"

"உன் மக என்ன சொன்னா? வைரமுடி மாதிரியே இருக்கணும்னா. வைரமுடி யாருக்கும் தெரியிற மாதிரி இருந்திருக்காரா?"

ஆவுடை யோசித்துப் பார்த்தாள். இருந்ததில்லைதான்.

உடனே புதுக் கோட்டைக் கிழித்துப் பிச்சைக்கார வேஷம் போட்டார்கள். மறுநாள் அந்தோணியம்மா, "ஏன் வைரமுடியப் பிச்சை எடுக்க விட்டுட்டீங்க" என்று கேட்டாள். சேலை கட்டிக் குறி சொல்கிறவள் ஆக்கினார்கள். மீசையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். மீசையை எடுத்துவிடலாம் என்றாள் சங்கரவடிவு. மீசையை எடுத்தால் வேஷம் போட உள்ளே ஆள் இல்லையே என்றார் மாஸ்டர். இப்படியே போனால் விழாவுக்குள் ஒன்றும் ஆகாது என்று ஆவுடை விரல்விட்டு நாளை எண்ணினாள்.

அப்போதுதான் மாஸ்டர் வாசலில் திருஷ்டிக்குத் தொங்கிய பூசணிக்காயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது இங்க தொங்குறது எத்தனையோ வருஷம். ஒருத்தராவது இது யாருன்னு கேட்டதுண்டா?"

யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதுமில்லை. இதைவிட நல்ல வேஷம் ஏது?

ஆவுடை தன் வீட்டுக் கொடியிலிருந்து பெரிய வெள்ளைப் பூசணிக்காய் ஒன்றைப் பறித்துவந்து மாதிரிக்கு வைத்தாள். வெளிர்பச்சைத் துணியில் அதே அளவுக்கு உறை தைத்தார்கள். அதற்குள் வைரமுடியை உட்காரவைத்து, சுற்றிலும் பஞ்சை அடைத்தார்கள். தூக்கினால் கனம் இல்லாதது காட்டிக்கொடுத்துவிடும் என்று மணலும் போட்டார்கள். பூசணிக்காய்மேல் இருக்கிற சாம்பல் நிறத்துக்கு முகப் பவுடரைத் தூவினார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

அந்தோணியம்மா வந்தாள், பார்த்தாள். "ரெண்டு காய் இருக்கே, ஒண்ணு எனக்குத் தாயேன்" என்றாள்.

சங்கத்தில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அவள் போன பிறகுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. எது வைரமுடி, எது பூசணிக்காய் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

"அமுக்கிப் பாத்தாத் தெரிஞ்சிரும்" என்றாள் ஆவுடை.

"அமுக்கினா வேஷம் கலைஞ்சிரும்" என்று லெட்சுமிக்கனி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இத்தனை பாடுபட்டுப் போட்ட வேஷம்ட்டி."

விழா அன்றைக்கு இரண்டையும் ஆட்டோவில் ஏற்றினார்கள். வழி நெடுகக் குண்டும் குழியும். ஒரு காய் வண்டிக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. இன்னொன்று இடத்தைவிட்டு அசையவில்லை. மாஸ்டர் அதைக் கவனித்துக்கொண்டே வந்தார். துப்பறிவாளர் என்றால் ஓடிப் பிடிக்கிறவர். சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. ஆகவே உருள்வதுதான் வைரமுடி என்றார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. உருண்ட காயைப் பளபளப்பான தாளில் சுற்றி ரிப்பன் கட்டினார்கள். உருளாததை மரகதவல்லி வீட்டு வாசலில், செருப்பு கழற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

வீடு நிறைய ஆசிரியர்கள். வெள்ளி விளக்கை எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்து முடித்திருந்தார்கள். பூமாரி தூண் ஓரமாக நின்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். தன் அம்மா கையாலேயே செய்து கொண்டுவருகிறாள் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

மரகதவல்லி தாளைப் பிரித்தாள். பூசணிக்காய். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டுல காய்ச்சதா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

ஆவுடை ஓரடி முன்னால் வந்தாள். "பூசணிக்காய் இல்ல சம்பந்தியம்மா. வைரமுடி."

ஒரு மூலையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வெட்டிப் பாருங்கள், உள்ளேதான் இருக்கிறார் என்று மாஸ்டர் தைரியம் சொன்னார். அரிவாள்மணை வந்தது. இரண்டாக வெட்டினால் உள்ளே விதை. "நல்லாத் தேடுங்க, ஒளியிறதுல மன்னன்" என்று லெட்சுமிக்கனி சொல்ல, சங்கரவடிவு உட்கார்ந்து விதைகளைத் துழாவினாள். இப்போது வீடே சிரித்தது. பூமாரி மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆவுடைக்கு அந்த வெட்டின காய்க்குள் தானும் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

பேச்சை மாற்றுவதற்காக மூத்த மருமகள் எழுந்து, அத்தைக்குத் திருஷ்டி கழிக்க வேண்டும் என்று வாசலுக்கு அழைத்தாள். சமையல்காரர் ஏற்கெனவே வாசலில் தயாராக நின்றார். செருப்புக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பூசணிக்காயை எடுத்துவைத்திருப்பதைப் பார்த்து, வீட்டுக்காரர்களின் முன்யோசனையை மெச்சிக்கொண்டு, அதன்மேல் கற்பூரத்தை ஏற்றினார். மரகதவல்லியின் தலையைச் சுற்றினார். ரொம்பக் கனமான திருஷ்டி என்று முனகிக்கொண்டே ரோட்டில் ஓங்கிப் போட்டார்.

காய் உடைகிற சத்தம் வரவில்லை. மணல் மூட்டை விழுகிற சத்தம் வந்தது. விரல் போகிற தையல் முழுக்கப் பிரிந்தது. மணல் கொட்டிக் கற்பூரம் அணைந்தது. பஞ்சு பறந்தது. புகையும் பவுடரும் அடங்கினபோது, ரோட்டு நடுவில் முறுக்கின மீசையோடும் குடையோடும் வைரமுடி உட்கார்ந்திருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. மரகதவல்லி செருப்புக்கூடப் போடாமல் ரோட்டில் இறங்கிப்போய் அவரைத் தூக்கி மணலைத் தட்டினாள். மீசையை விரலால் நீவிவிட்டாள்.

"என் தலையைத்தான் சுத்தியிருக்காரு. சின்ன வயசுல இருந்து படிக்கிறேன். பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கேன், எனக்கே தெரியலையே."

பிறகு திரும்பி, "பூமாரி, உங்க அம்மாவை என் பக்கத்துல உட்கார வை" என்றாள்.

போட்டோவில் மரகதவல்லி, ஒரு பக்கம் ஆவுடை, இன்னொரு பக்கம் தனி நாற்காலியில் வைரமுடி. வெள்ளி விளக்கு அவர் காலடியில். பூமாரி அம்மாவின் தோளில் கையை வைத்து, தலை நிமிர்ந்து நின்றாள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று ஆட்டோவில் ஏறினார்கள். பாதி வழியில் பிச்சையா மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார்.

"ரோட்டுல இருந்தது வைரமுடி. சரி. உள்ள வச்சு வெட்டினமே, அது யாரு?"

அது பூசணிக்காய் மாதிரித்தான் இருந்தது. வைரமுடியும் அப்படித்தான் இருந்தார்.

அன்றைக்குப் பிடித்த பயம் ஆவுடையை விடவில்லை. பூசணிக்காயை வெட்டுவதற்கு முன்னால், "சார், நீங்க யாரும் இல்லியே?" என்று கேட்டுப் பார்ப்பாள். பதில் வராது. கடைசிப் பக்கம் வரைக்கும் வாயைத் திறக்காதவர் பதில் சொல்லாததை வைத்து எதை நம்புவது? கொடியில் காய்ப்பதையெல்லாம் அந்தோணியம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்குக் குழம்பு வைக்க இப்போது கடையில் கீற்றாகத்தான் வாங்குகிறாள். வெட்டின பாவம் கடைக்காரரோடு போகட்டும். அந்தக் கீற்றையும் வெளிச்சத்தில் பிடித்து, மீசை ஏதாவது தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பையில் போடுகிறாள்.