மச்சினன் பிடித்த கயிறு

கொடுவாய் மலையில் ஒண்டியப்பன் என்று ஒருவர் இருந்தார். அறுபத்திரண்டு வயது. பாறைத்தேன் எடுப்பதில் அந்த மலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அடுத்தவர் செய்த தப்பை மறக்காமல் வைத்திருப்பதிலும் ஆளில்லை.

யார் எந்த வருஷம் அகப்பையை இரவல் வாங்கித் திருப்பித் தரவில்லை, எந்தத் திருவிழாவில் யார் தன்னைப் பார்த்தும் பாராததுபோல் போனார்கள் என்பதெல்லாம் அவருக்கு நேற்று நடந்ததுபோல் இருக்கும்.

அருவிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில், ஊரார் அம்மை என்று கூப்பிடும் துறவி ஒருவர் இருந்தார். எங்கிருந்தோ வந்து தங்கிவிட்டவர். நாற்பது வயதுக்கு மேல் இராது. தன்னைவிட இருபது வயது இளைய அந்த அம்மைக்கு ஒண்டியப்பன் சீடர். தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் வைப்பார். உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பார். பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எழுந்து போவார்.

அம்மை மேலும் அவருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. முதல் நாள் போனபோது, அவருக்குப் பின்னால் வந்தவனுக்கு முதலில் கூழ் ஊற்றிவிட்டார். அதற்கு ஐந்து வருஷம் ஆகிறது.

அன்று குடத்தை இறக்கிவைத்தவர் உட்காரவில்லை.

"அம்மை, என் ஊற்றுமேட்டை யாருக்குக் குடுக்கறது?"

"யார் யார் கேக்கறாங்க?"

"ஊர் கேக்குது. கீழே இருந்து வந்த ஒருத்தரும் கேக்கறார்."

அம்மைக்கும் விஷயம் தெரியும். அருவியைப் பார்க்க வேன் வேனாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். குளித்தார்கள், கூச்சல் போட்டார்கள், பாக்கெட்டுகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஊருக்கு மிஞ்சியது அந்தப் பாக்கெட்டுகள்தான். ஊரில் பாதிப் பேர் வருஷத்தில் ஏழு மாதம் கரும்பு வெட்டக் கீழே போய்விடுவார்கள். ஒண்டியப்பனின் மகளும் மருமகனும்கூட அங்கேதான். வீட்டுத் திண்டாட்டம் அப்படி.

அதனால் பதினெட்டு வீடும் கூடிப் பேசின. வருகிறவர்கள் தங்க நாமே நாலு குடில் போடுவோம், சாமைச் சோறும் கீரையும் நாமே சமைத்துப் போடுவோம், காட்டுக்குள் நாமே கூட்டிப்போவோம் என்று முடிவானது. ஒரு வீடு மூங்கில் தருவதாகச் சொன்னது. ஒன்று கூரைப்புல். ஒன்றுமில்லாத வீடு உழைப்பு. கோடையிலும் வற்றாத ஊற்று ஒண்டியப்பனின் மேட்டில்தான் இருந்தது. அந்த மேடு இல்லாமல் குடில் இல்லை.

"அப்போ ஊருக்குக் குடுக்க வேண்டியதுதானே?"

"ஊருக்குத் தலைவன் யாருன்னு தெரியுமில்ல? மருதன்."

மருதன் அவருடைய மச்சினன். பெண்டாட்டி பூவாயியின் தம்பி. பத்தொன்பது வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் காலையில் வந்திருக்க வேண்டும். மருதன் அதைத் தலையில் சுமந்துகொண்டு உச்சிப்பொழுதுக்கு வந்து நின்றான். மணவறையில் பெண்ணும் மாப்பிள்ளையும் பசியில் வாடிப்போயிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் முன்னால் ஒண்டியப்பன் தலைகுனிந்து நின்றார். அன்று அடைத்த வாய்.

"கீழே இருந்து வந்தவர் என்ன சொல்றார்?"

"பிரபாகர்னு பேரு. தங்கமான மனுஷன். 'ஊர் ஒண்ணும் போட வேண்டாம், எல்லாத்தையும் நானே போடறேன், நீங்க வேலைக்கு வந்தா போதும்'கிறார். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வேணுமாம்."

"தேன் எப்போ எடுக்கறீங்க?"

"நாளன்னிக்கு, வியாழக்கிழமை. ஏன்?"

"அவரையும் கூட்டிட்டு வாங்க. நானும் வர்றேன்."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"தேன் திங்காம என்ன பதில்?" என்று அம்மை குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை பொழுது விடிந்து பனி விலகுமுன் ஊரே செங்குத்துப் பாறையின் உச்சியில் கூடிவிட்டது. தேன் எடுப்பு அங்கே ஒரு திருவிழா. பெண்கள் பானைகளோடு வந்தார்கள். பச்சை இலைகளைக் கட்டிப் புகை போட்டாயிற்று. பாறையின் வயிற்றில் ஏழு தேனடைகள் கறுத்துத் தொங்கின.

மருதன் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். கயிற்றை மரத்தில் ஒரு சுற்று சுற்றி, நுனியைக் கையில் பிடித்திருந்தான். ஒண்டியப்பன் அவனைப் பார்க்காமலே மறுநுனியை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பிரபாகருக்கு ஆச்சரியம்.

"இவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லைன்னாங்க?"

"பேசறதில்லைங்க," என்றாள் பூவாயி. "கயித்தை ஒரு தடவை இழுத்தா இறக்கணும், ரெண்டு தடவை இழுத்தா நிறுத்தணும், மூணு தடவைன்னா தூக்கணும். அவ்வளவுதான் பேச்சு. மிச்சத்துக்கெல்லாம் நான்தான் தபால்காரி. தம்பி தேன் பங்கு கேட்டான்னு இவர்கிட்ட, இவர் எடுத்துக்கச் சொன்னாருன்னு அவன்கிட்ட. பத்தொன்பது வருஷம். சம்பளமும் கிடையாது."

"அப்புறம் ஏன் இவரே கயிறு பிடிக்கறார்? வேற ஆள் இல்லையா?"

பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார்: "இறங்கறவனோட பெண்டாட்டிகூடப் பிறந்தவன்தான் பிடிக்கணும். எங்க வழக்கம். சொந்தத் தம்பிகூடப் பிடிக்கக்கூடாது. அண்ணன் போனா காடு தனக்குன்னு நினைக்கலாம். மச்சினனுக்கு அப்படியா? கயிறு போனா அவன் அக்கா தாலியில்ல போகும்?"

பிரபாகர் சிரித்துத் தலையாட்டினார். அம்மை அவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கறேன்னு சொன்னீங்களாமே. இன்னைக்குக் கயித்தையும் பிடிங்களேன்."

"ஓ, தாராளமா!" என்றார் பிரபாகர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

மருதன் அம்மையைப் பார்த்தான். மறுபேச்சில்லாமல் நுனியைக் கொடுத்துவிட்டு, நாலடி தள்ளிப்போய் வெற்றிலையை எடுத்தான்.

ஒண்டியப்பன் விளிம்புக்குப் போனார். இடது காலை இறக்கினார். எடுத்துவிட்டார். மறுபடி இறக்கினார். மறுபடி எடுத்தார்.

"என்ன ஒண்டியப்பா, கால் பாறையில ஒட்டிக்கிச்சா?" என்று ஒரு குரல்.

"மூட்டு பிடிச்சிருக்கு."

"மூணு மேடு ஏறி எனக்கு முன்னாடி ஓடியாந்த மூட்டு," என்றாள் பூவாயி.

ஒண்டியப்பன் திரும்பிப் பார்த்தார். "ஐயா, நல்லாப் பிடிச்சிருக்கீங்களா?"

"இரும்புப் பிடி. தினமும் ஜிம்முக்குப் போற கை."

"வழுக்கினா?"

"வழுக்காது. அப்படியே ஏதாவது ஆனாலும் நீங்க கவலையே படாதீங்க. உங்க பேர்ல இன்சூரன்ஸ் போட்டுடறேன். வீட்டுக்கு நல்ல தொகை வரும்."

அவர் மனசாரத்தான் சொன்னார். அதில் கள்ளம் இல்லை.

பூவாயி கேட்டாள்: "எவ்வளவு வரும்னு கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

ஊர் வெடித்துச் சிரித்தது. பானையை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பிரபாகரும் சிரித்தார்; எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சட்டைப்பையைத் தடவினார்.

ஒண்டியப்பன் விளிம்பிலிருந்து பின்னால் வந்தார்.

"டேய் மருதா! வந்து பிடிடா!"

சிரிப்பு நின்றது. மருதன் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"உன்னைத்தான்டா!"

"அக்கா, மச்சான் பேசினது என்கிட்டத்தானான்னு கேட்டுச் சொல்லு."

"அந்த வேலையை இப்பத்தான் விட்டேன். நீயே கேட்டுக்க."

மருதன் எழுந்தான். வெற்றிலையைத் துப்பினான். கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, பிரபாகர் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டான். ஒண்டியப்பன் ஒரு தடவை இழுத்தார். இரண்டு கால்களும் ஒன்றாக விளிம்பைத் தாண்டி இறங்கின.

பத்து ஆள் ஆழம் இறங்கியிருப்பார். மேலிருந்து மருதனின் குரல் வந்தது.

"ஆத்துல வெள்ளம் வந்துடுச்சு மச்சான்!"

"எந்த ஆத்துல?"

"கல்யாணத்தன்னைக்கு! சீர்த் தட்டோட எட்டு நாழிகை கரையில நின்னேன்!"

"ஆனி மாசம் ஆத்துல வெள்ளம் வரும்னு உனக்குத் தெரியாதா? முந்தின நாளே கிளம்பியிருக்கணும்டா!"

"முந்தின நாள் சேலை நெய்து வரல!"

"அதை ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க வாயை அடைச்சுக்கிட்டீங்களே! யார்கிட்டச் சொல்றது? உங்க ஆட்டுக்கிட்டயா?"

கிழவர் கயிற்றில் தொங்கியபடியே கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்து விளிம்பில் எட்டிப் பார்த்தது.

"சத்தம் போடாதீங்க, ஈ கலையப்போகுது!" என்று பூவாயி கத்தினாள்.

"தூக்கவா மச்சான்?"

"தூக்காதே! நான் இன்னும் பேசி முடிக்கல!"

அன்று நாலு அடை எடுத்தார். மூன்றைத் தேனீக்களுக்கு விட்டார். எப்போதும் விடுகிற கணக்குத்தான். மேலே வந்தபோது கண்ணிமை மேல் ஒரு கொட்டு வாங்கி வீங்கியிருந்தது. விளிம்பில் மருதன் கையை நீட்டினான். அவர் பிடித்துக்கொண்டு ஏறினார். ஏறிய பிறகும் சற்றுநேரம் விடவில்லை. பிறகு, "கை ஏன்டா இப்படிக் காய்ச்சுப் போயிருக்கு?" என்று கேட்டார்.

"வருஷா வருஷம் உங்களைத் தூக்கித்தான்."

அம்மை இலையில் தேனடையைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார். முதல் துண்டு பிரபாகருக்குப் போனது. கடைசித் துண்டுதான் ஒண்டியப்பனுக்கு வந்தது. அதை அவர் கவனிக்காமல் இல்லை.

மேடு தனக்குக் கிடைக்காது என்று விரலை நக்கிக்கொண்டே பிரபாகர் புரிந்துகொண்டார். பிறகு மருதனிடம் வந்தார்.

"குடில் கட்டினதும் முதல் குடிலை எனக்கு ஒதுக்கி வைங்க. வீட்டுக்காரங்களோட வர்றேன். சமையல் யாரு?"

"முறை வெச்சிருக்கோம். முதல் முறை எங்க அக்கா."

"அவங்ககிட்ட மட்டும் இன்சூரன்ஸ் பத்திப் பேச மாட்டேன்," என்றார் பிரபாகர். இந்தத் தடவை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது.

எல்லாரும் பானைகளோடு இறங்கினார்கள். முன்னால் மருதன் மூங்கிலை எங்கே வெட்டுவது என்று நாலு பேரிடம் பேசிக்கொண்டு போனான். ஊற்றுமேட்டை அடைந்ததும், கேட்காமலே, காலால் ஒரு குடிலுக்கு அளவு கீறினான். ஒண்டியப்பன் பார்த்தார். "வாசல் கிழக்க வைடா, மேக்கால மழைச்சாரல் அடிக்கும்," என்று மட்டும் சொன்னார்.

பிறகு அம்மையின் பக்கத்தில் வந்து நடந்தார்.

"மேட்டைப் பத்தி இனி உங்களைக் கேக்கல, அம்மை."

"சரி."

"வேற ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"வெள்ளமோ என்னவோ, அன்னைக்கு அவன் நேரத்துக்கு வராதது தப்புதானே?"

"தப்புதான்."

ஒண்டியப்பனின் முகம் மலர்ந்தது. பத்தொன்பது வருஷமாக அதை ஒருவரும் அவரிடம் ஒத்துக்கொண்டதில்லை.

"அப்போ கோபம் நியாயந்தான். அதை நான் என்ன செய்யறது அம்மை? தூக்கிப் போடவும் மனசு வரல."

அம்மை கையில் ஒட்டியிருந்த தேனை நக்கினார்.

"ஊர்ல ஒரு வீடு மூங்கில் போடுது, ஒரு வீடு புல் போடுது. நீங்க மேட்டோட அந்தக் கோபத்தையும் சேத்துப் போட்டுடுங்க. வந்து தங்கறவங்க சாப்பிட்டு முடிச்சதும் கதை கேப்பாங்க. சொல்லும்போது மருதனைப் பக்கத்துல உக்கார வெச்சுக்குங்க. நடுவுல நடுவுல இல்லைங்கறதுக்கு ஒரு ஆள் வேணும்."