சந்தனப் பொட்டு வைத்த இடம்

பழைய கார் நின்ற இடத்தில் அணைந்துபோனால், அதற்கு வயதாகிவிட்டது என்பார்கள். இது மிகப் பெரிய தவறு. இந்த ஒரு தவற்றினால் எத்தனையோ நல்ல வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன. காரணத்தைத் தேடச் சோம்பல்படுகிறவர்கள்தான் வயதின் தலையில் பழியைப் போடுகிறார்கள்.

தேனிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஆசிரமம். அங்கே ஒரு வெள்ளைக் கார் இருந்தது. ஓடும்போது ஒரு குறையும் கிடையாது. சந்தைக் கூட்டத்திலோ ரயில்வே கேட்டிலோ நிறுத்தினால் இரண்டு முறை குலுங்கி அணைந்துவிடும். ஒருமுறை பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர் தலையை நீட்டி, வண்டிக்கும் சமாதி கூடிவிட்டதா சாமி என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது.

காரை ஓட்டியவர் தெய்வசிகாமணி. சர்க்கரை ஆலையில் இயந்திரங்களோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவர். தன் குருவான நீலாம்பிகை அம்மையைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். வந்த நாளில், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, கடமையெல்லாம் முடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதையே சொன்னார்.

அவருக்கு ஒரு துன்பம் இருந்தது. வேலை செய்யும்போது மனம் தெளிவாக இருக்கும். தியானத்தில் உட்கார்ந்தால் நெஞ்சு படபடத்து எழுந்துவிடுவார். இதற்கு வைத்தியமாக ஜபமாலையை வேகமாக உருட்டத் தொடங்கினார். பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ரயில் போவதுபோலக் கேட்டது. படபடப்பு மட்டும் போகவில்லை.

ஒரு நாள் காலையில் அவர் அம்மை முன் போய் நின்றார். வரும் பௌர்ணமிக்குள் ஒழுங்காக உட்காரத் தெரியாவிட்டால் ஆசிரமத்தை விட்டுப் போய்விடுவதாகச் சொன்னார். எங்கே போவது என்று அவருக்கே தெரியாது.

"ஓடும்போது இருக்கிற மனசு, உட்கார்ந்தா ஏம்மா அணைஞ்சு போகுது?"

அம்மை திருப்பிக் கேட்டார்.

"வண்டி சரியாயிடுச்சா?"

கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. ஆனாலும் குரு கேட்டால் சொல்லத்தான் வேண்டும். பிளக்கை மாற்றியதையும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியதையும் விவரமாகச் சொன்னார். எதற்கும் அடங்காததால், கடைசியில், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஐடிலிங் திருகைத் திருகி வேகத்தை ஏற்றி வைத்துவிட்டாராம். இப்போது அணைவதில்லை.

"நீங்க வண்டியோட வாசல் கேட்டுல நின்னா இங்க வரைக்கும் கேக்குது" என்றார் அம்மை. "வாங்க, பாப்போம்."

அம்மை துறவுக்கு முன்னால் லாரி ஷெட் வைத்திருந்த குடும்பத்து மருமகள். போகிற வழியில் கிணற்றடியில் ஒரு துணியை நனைத்து எடுத்துக்கொண்டார். தெய்வசிகாமணி பானெட்டைத் திறந்து எஞ்சினைக் கிளப்பினார். முற்றத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன.

திருகைப் பழைய இடத்துக்கே இறக்கச் சொன்னார் அம்மை. இறக்கியதும் எஞ்சின் குலுங்கி அணைந்தது.

"எல்லா நாளும் இப்படித்தானா?"

"வெள்ளிக்கிழமை மட்டும் அணையாம நிக்கும்மா. பூஜை விசேஷம்."

ஆசிரமம் முழுக்க அப்படித்தான் நம்பியது. முக்கியமான பயணங்களையெல்லாம் வெள்ளிக்கிழமைக்கே வைத்துக்கொண்டார்கள்.

"என்ன பூஜை?"

ஆயுத பூஜையன்று செய்ததை வாராவாரம் செய்கிறேன் என்றார் அவர். எஞ்சினில் கண்ணுக்குப் பட்ட இடத்திலெல்லாம் கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைப்பார். அம்மை குனிந்து பார்த்தார். எஞ்சின் காற்றை இழுக்கும் குழாயிலிருந்து பிரிகிற ஒரு ரப்பர் டியூப்பில் சந்தனம் அடை அடையாகக் காய்ந்து வெடித்திருந்தது.

"இங்க ஏன் இவ்வளவு?"

"அது கொஞ்சம் அசிங்கமா இருந்துச்சும்மா."

அம்மை ஈரத்துணியால் அதைத் துடைத்தார். சந்தனம் போனதும் கறுப்பு ரப்பரில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு தெரிந்தது. எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, வெடிப்பின் மேல் கட்டைவிரலை வைத்தார். எஞ்சின் சீராக, தாழ்ந்த குரலில் நின்று ஓடியது. விரலை எடுத்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. எஞ்சின் குலுங்கி அணைந்தது.

தெய்வசிகாமணிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. வேகமாக ஓடும்போது இந்தச் சின்னக் காற்று ஒரு பொருட்டே இல்லை, மெல்ல ஓடும்போதுதான் ஆளைக் கவிழ்க்கிறது என்பது அவருக்குப் பாடப்புத்தகம் தேவைப்படாத விஷயம். ஈரச் சந்தனம் ஒரு நாள் அதை அடைத்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு வெள்ளியும் தன் கையாலேயே அதை மூடி, கையெடுத்துக் கும்பிட்டும் இருக்கிறார்.

டவுனுக்குப் போய்ப் புது டியூப் வாங்கி வந்து மாட்டினார். திருகைத் தொடாமலே வண்டி முற்றத்தில் அமைதியாக நின்று ஓடியது. அம்மை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"வண்டி சரியாயிடுச்சும்மா. என் கேள்விதான் அப்படியே இருக்கு."

"காலையில ஆபீஸுக்கு ஒரு போன் வந்துச்சாம். பூஜையில இருக்கேன்னு சொல்லச் சொன்னீங்களாம்."

அவர் தரையைப் பார்த்தார்.

"யாரு?"

"கயல்விழி. என் மக" என்றார்.

"கட்டிக்கொடுத்த மகளா?"



"நான் கட்டிக்கொடுக்கலம்மா. அவளாக் கட்டிக்கிட்டா. நான் போகல."

"காலையில பூஜையில இருந்தீங்களா?"

"இல்ல."

அம்மை மடியிலிருந்த ஈரத்துணியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"துடைக்க இன்னொரு இடம் இருக்கு" என்றார்.

அன்று மாலை முழுவதும் ஆசிரமத்துத் தொலைபேசி எங்கேஜ்டாகவே இருந்தது. எத்தனை மூட்டை வேண்டும் என்று கேட்க அரிசிக் கடைக்காரர் பலமுறை முயன்று பார்த்துவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அரிசி வராததால் மறுநாள் மதியம் எல்லோருக்கும் கேழ்வரகுக் கூழ்.