கிணற்றைத் தள்ளி வைத்த அண்ணன் தம்பிகள்

கோரைவிளையில் மாசிலாமணி, வேதமுத்து, ஞானசிகாமணி என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூன்று பேரும் தங்கமான பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தவற மாட்டார்கள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். அதுதான் தொல்லை.

தாய் தகப்பன் போன பிறகு தங்கை கிருபையை வளர்த்து ஆளாக்கிக் கட்டிக்கொடுத்தது மூத்தவன் மாசிலாமணி. அவளுக்கு இப்போது எட்டாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் ஆக வேண்டும் என்று அவனுக்கு ஒரே தவிப்பு. தொட்டில் கூட வாங்கி வைத்துவிட்டான். ஆனால் அவள் மாமியார் எஸ்தர் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். "உங்க கிணத்துத் தண்ணி சுத்தம்னு ஒரு தாள் காட்டுங்க. பிறகு பிள்ளையை அனுப்புதேன்."

ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். கக்கூஸுக்குப் பின்னால் செப்டிக் டேங்கைப் பார்த்தார். டேப்பை இழுத்துப் பிடித்தார்.

"இருபது அடிதான் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல அம்பது அடியாவது வேணும். சரி பண்ணிட்டு ஆள் அனுப்புங்க."

அன்றைக்கே அடுக்களையில் ஆலோசனை நடந்தது.

"கிணத்தை நகத்திருவோமாண்ணே?" என்றான் வேதமுத்து.

"அது அப்பா தோண்டினது. அவரைக் கேக்காம நகத்தப்படாது."

"அப்ப டேங்கை?"

"நிறைஞ்சு கிடக்குலே. தூக்கினா தளும்பும்."

கடைசித் தம்பி ஞானசிகாமணி தாடையைச் சொறிந்தான். "அண்ணே, கோயில் நமக்குக் கண்ணுக்கு எதுக்கதான் இருக்கு. குளம் நடுவுல கிடக்கப் போயி ஒரு மைல் சுத்துதோம். நடுவுல ஒண்ணைப் போட்டா தூரம் தானா கூடிரும்லா?"

மாசிலாமணிக்குப் புல்லரித்தது. மறுநாளே சிமெண்ட் கல் இறக்கினார்கள். டேங்குக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மூன்று வளைவு வைத்து, சந்து போலச் சுவர் எழும்பியது. வளைந்து வளைந்து போனால் அம்பத்திரண்டு அடி. இரண்டு அடி கூடுதலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

குடத்தோடு நின்ற மாசிலாமணியின் மனைவி சொர்ணம் கேட்டாள். "அழுக்கு உங்க சுவரைப் பாத்து வளைஞ்சு வளைஞ்சுதான் வருமாக்கும்?"

"வேற எப்படி மதினி வரும்? அதுக்கிட்ட ஏணியா இருக்கு?" என்றான் ஞானசிகாமணி.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். இரண்டாவது வளைவில் முழங்கையை இடித்துக்கொண்டார். வெளியே வரும்போது முகம் சிவந்திருந்தது.

"அழுக்கு தரைக்கு அடியிலய்யா போகும்! அந்த டேங்கைக் காலி பண்ணி மண்ணைப் போட்டு மூடுங்க. கிணத்துலேருந்து அம்பது அடி தள்ளி வேற தோண்டுங்க. இந்தச் சுவருக்குள்ள இனி நான் வரவே மாட்டேன். தண்ணியை மட்டும் பாட்டில்ல கொண்டு வாங்க."

சொன்னபடி செய்தார்கள். லாரி வந்து டேங்கை உறிஞ்சியது. மண்ணைப் போட்டு மூடி மிதித்தார்கள். கிணற்றிலிருந்து அம்பது அடி அளந்து புதுக் குழி தோண்டினார்கள். எட்டாவது அடியில் குபுகுபுவென்று ஊற்று.

மூன்று பேரும் குழிக்குள் துக்கமாக நின்றார்கள்.

"டேங்க் தோண்டினா கிணறுல்லா வந்துட்டு!"

இறைத்துப் பார்த்தார்கள். பத்து வாளி இறைத்தால் பதினோரு வாளி ஊறியது. சொர்ணம் ஒரு கை அள்ளிக் குடித்தாள். "இளநி மாதிரி இருக்கு. இதையே குடிக்க வச்சுக்கிட்டு, டேங்கை வேற பக்கம் கட்டுங்களேன்."

வேதமுத்து யோசித்தான். "பழைய டேங்க் இப்ப இல்ல. இல்லாத டேங்குக்கும் இந்தக் கிணத்துக்கும் எத்தனை அடிண்ணே?"

"எத்தனை வேணும்னாலும் வச்சுக்கிடலாமே!" என்றான் ஞானசிகாமணி.

"அப்ப புது டேங்கைக் கட்டித் திரும்பவும் அளந்துக்கிட்டுக் கிடக்கணுமா?"

"வேண்டவே வேண்டாம்லே" என்று மாசிலாமணி முடித்துவிட்டான். மறுநாள் விடிந்ததும், தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொர்ணம் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

புதுக் கிணற்றுத் தண்ணீர் பாட்டிலில் போயிற்று. தாள் வந்தது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த வாரம் கார் வந்து நின்றது. கிருபையும் மாமியாரும் இறங்கினார்கள். எஸ்தர் அம்மாள் தாளை இரண்டு தடவை படித்தாள். இரண்டு செம்பு தண்ணீரும் குடித்தாள். "அமிர்தமா இருக்குப்பா. பிள்ளை இங்கேயே இருக்கட்டும்."

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. மனசுக்குள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னான்.

"சரி, பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்றாள் எஸ்தர் அம்மாள்.

"எனக்கும்தாண்ணே. சீக்கிரம்" என்றாள் வயிற்றைப் பிடித்தபடி கிருபை.

மாசிலாமணிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "அந்தப் பயமே வேண்டாம் அத்தை. உங்க வீட்டுலதான் இருக்கு. ரோட்டுக் கல்லை எண்ணிப் பாத்துட்டேன், இங்கேயிருந்து பதினாலு கிலோமீட்டர். அம்பது அடிக்குக் குறையவே குறையாது. லே ஞானம், ஓடு, காரைத் திருப்பச் சொல்லு!"