செம்பருத்தி கொடுத்த சொந்த இஷ்டம்

நெட்டேந்தல் எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், "இங்கனதான்" என்பார்கள். வெளியூரில் வைத்துக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். அவ்வளவு உறுதியான ஆட்கள்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு நாள் பட்டணத்துப் பேராசிரியர் ஒருத்தர் வந்து மைக் பிடித்தார். மூளையைப் பற்றிப் பேசினார்.

"நீங்கள் கையைத் தூக்க நினைப்பதற்கு முன்னாலேயே, தூக்குவதா வேண்டாமா என்று மூளை முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவும் நேற்று நடந்ததிலிருந்து வந்தது. நேற்றையது முந்தாநாளிலிருந்து வந்தது. நீங்களாக எதையும் செய்வதில்லை!"

இதைச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கொப்பையனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப இத்தனை வருசமா மாட்டுக்குத் தண்ணி காட்டினது நான் இல்லையா மாமா?"

"நீ எங்க காட்டுன? மூளைதான காட்டியிருக்கு" என்றார் மொக்கத்துரை. ஊரில் யோசிக்கிற வேலையை அவர்தான் பார்த்துவந்தார். வேறு வேலை அவருக்குக் கொடுப்பதில்லை.

மறுநாள் விடிந்தும் கொப்பையன் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. மூளை எழுப்பட்டும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தான். மனைவி பேச்சி ஒரு செம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றினாள். துள்ளி எழுந்தான்.

"பாத்தியா, மூளை எந்திரிக்கச் சொல்லிருச்சு" என்றான் சந்தோஷமாக.

"அடுத்த செம்பு மூளைக்கு" என்றாள் பேச்சி.

டீக்கடையில் வெயிலான் பாடு இன்னும் மோசம். இட்லியை முன்னால் வைத்துக்கொண்டு, கை தானாக எழும்பும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். காக்காய் வந்து கொத்திக்கொண்டு போனது. "காக்காயோட மூளை சுறுசுறுப்புண்ணே" என்று கொப்பையனிடம் மெச்சிச் சொன்னான்.

இப்படியே எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செல்லி கண்மாய்ச் சகதியில் மாட்டிக்கொண்டது.

செல்லி பேச்சி வீட்டு எருமை. பிறந்த வீட்டிலிருந்து அவள் பிடித்துக்கொண்டு வந்தது. கொப்பையனின் கைக்குழந்தை வள்ளிக்கு அதன் பால்தான் சாப்பாடு. தண்ணீர் வற்றிய கண்மாயில் கொஞ்சம் ஈரம் தேடிப் போனது, வயிறுவரை புதைந்து நின்று கத்தியது.

பேச்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வடக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். கரையில் கொப்பையனும் மொக்கத்துரையும் வெயிலானும் கைகட்டி நின்றார்கள்.

"ஏங்க, கயித்தைப் பிடிங்க! செல்லி முங்கிருச்சுன்னா நான் பிள்ளையத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். சொல்லிப்புட்டேன்!"

கொப்பையன் கணக்குப் போட்டுப் பார்த்தான். பேச்சி போய்விட்டால் தனக்கு எப்போது பசிக்கிறது, எப்போது தூக்கம் வருகிறது என்றெல்லாம் யார் சொல்வார்கள்? கயிற்றை நோக்கி ஓர் அடி வைத்தான்.

"மாப்ள, பொறு" என்றார் மொக்கத்துரை. "இழுக்கணும்னு முடிவாகியிருந்தா இந்நேரம் இழுத்திருப்போம்ல? இழுக்கல. அப்ப இழுக்கக் கூடாதுன்னுதான் முடிவாகியிருக்கு."

"இன்னும் கொஞ்ச நேரத்துல இழுப்போம்னு முடிவாகியிருந்தா?" என்றான் வெயிலான்.

மொக்கத்துரை நெற்றியைத் தேய்த்தார். "அப்படின்னா கொஞ்ச நேரம் கழிச்சு வருவோம். வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்."

"டீ குடிக்க மட்டும் மூளை சட்டுனு முடிவு பண்ணிருதோ?" என்றாள் பேச்சி.

மூன்று பேரும் கூடிப் பேசினார்கள். இதை இப்படியே விடக்கூடாது, அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும் என்று முடிவானது. யார் முடிவு செய்தார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பூ எடுக்கக் குழந்தை வேண்டுமே என்று கொப்பையன் வள்ளியை வாங்கிக்கொண்டான். பேச்சி கயிற்றைக் கரையில் போட்டுவிட்டு, தென்னந்தோப்பைப் பார்த்து ஓடினாள்.

கோயில் பூசாரி கல்யாணம் கூடுமா என்று பார்க்கப் பூக்கட்டியிருக்கிறார். கிணறு தோண்ட இடம் பார்ப்பதற்கும் கட்டியிருக்கிறார். "ஆத்தாகிட்ட என்னப்பா கேக்கணும்?" என்றார்.

"நாங்க செய்றத நாங்கதான் செய்றோமான்னு கேக்கணும் சாமி" என்றான் கொப்பையன்.

பூசாரி இரண்டு வாழைச்சருகை எடுத்தார். சிவப்புச் செம்பருத்தி வந்தால் எல்லாம் அவரவர் சொந்த இஷ்டம். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் எல்லாம் முன்கூட்டியே முடிவானது. இரண்டையும் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போட்டார்.

"பிள்ளை எதை எடுக்கும்னு நேத்தே முடிவாகியிருக்குமே?" என்று மொக்கத்துரை சந்தேகம் கிளப்பினார்.

"நேத்து பிள்ளை தூங்கிக்கிட்டு இருந்துச்சு மாமா" என்றான் கொப்பையன். மொக்கத்துரை அதை ஏற்றுக்கொண்டார்.

வள்ளி இரண்டு பொட்டலத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டது. பூசாரி ஒன்றை மெல்லப் பிடுங்கிக்கொண்டார். மிச்சமிருந்ததைப் பிரித்தால் செம்பருத்தி!

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" என்று மூன்று பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"நல்லாக் கேட்டுக்கங்க" என்றார் மொக்கத்துரை. "இனிமே ஒவ்வொருத்தனும் சொந்த இஷ்டப்படிதான் நடக்கணும். மீறி நடந்தா சாமிக்குத்தம்."

"எனக்கு இஷ்டமில்லைன்னா?" என்றான் வெயிலான்.

"உன் இஷ்டத்தை எவன்டா கேட்டான்? உத்தரவுன்னா உத்தரவு."

வள்ளியைப் பூசாரியிடம் விட்டுவிட்டுக் கண்மாய்க்கு வந்தார்கள். கொப்பையன் இறங்கிக் கயிற்றைச் செல்லியின் கொம்பில் கட்டினான். கட்டி மிஞ்சியதில் ஆளுக்கு ஒரு பிடி பிடித்தார்கள். கொப்பையன் கரைப்பக்கம் இழுத்தான். வெயிலானும் அதே பக்கம் இழுத்தால் அது கொப்பையனின் இஷ்டமாகிவிடுமே? அவன் மடைப்பக்கம் இழுத்தான். மொக்கத்துரைக்கு வேறு பக்கம் கிடைக்காததால் சகதியின் ஆழத்தைப் பார்த்து இழுத்தார். செல்லி மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தது. அதன் முகத்தில் வருத்தம் தெரிந்தது.

அதற்குள் பேச்சி தென்னை மட்டைகளை இழுத்துவந்து, செல்லியின் முன்னங்காலிலிருந்து கரைவரை வரிசையாகப் போட்டுவிட்டாள். பிறகு கரையில் ஒரு வாளியை வைத்தாள். பருத்திக்கொட்டைக் கரைசல். கையால் ஒரு கலக்குக் கலக்கினாள்.

வாசனை போன மாத்திரத்தில் செல்லி ஒரு உதறு உதறி மட்டைமேல் காலை ஊன்றி ஏறிவிட்டது. கயிறு சுண்டியதில் மூன்று பேரும் சகதிக்குள் போனார்கள். செல்லி வாளிக்குள் தலையை விட்டது.

"உத்தரவு வாங்கினது நாமதானே? அது எப்படித் தன் இஷ்டத்துக்கு வந்துச்சு?" என்றான் வெயிலான் சகதிக்குள்ளிருந்து.

"பூக்கட்டும்போது அதுவும் மனசுல வேண்டியிருக்கும்" என்றார் மொக்கத்துரை.

தென்னை மட்டையைப் பிடித்து அவர்களும் ஒருவழியாக ஏறி வந்தார்கள்.

சாயங்காலம் கொப்பையன் குளித்துவிட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே போகலாமா, வெளியே உட்காரலாமா? சாப்பிடலாமா, வேண்டாமா? எல்லாம் சொந்த இஷ்டப்படி இருக்க வேண்டும் என்பது உத்தரவு. தப்பாக இஷ்டப்பட்டுவிட்டால் சாமிக்குத்தம் ஆகிவிடுமே. ஒரு காலைப் படியில் வைத்தான், எடுத்தான்.

"பேச்சி" என்றான் மெதுவாக. "இப்ப என் சொந்த இஷ்டம் என்ன?"

பேச்சி குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "மாட்டுக் கொட்டகையில சாணி அள்ளுறது."

"அதானே!" கொப்பையனுக்கு உயிர் வந்தது. "எனக்கும் அப்படித்தான் தோணிக்கிட்டே இருந்துச்சு."

கூடையை எடுத்துக்கொண்டு திரும்பினான். வாசல் படலுக்கு வெளியே மொக்கத்துரையும் வெயிலானும் கைகட்டி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், உத்தரவைக் கேள்விப்பட்ட பாதி ஊர் நின்றது.

"தங்கச்சி" என்றார் மொக்கத்துரை பணிவாக. "எங்களுக்கும் என்ன இஷ்டம்னு கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா. உத்தரவைக் கேட்டதுல இருந்து நின்ன இடத்துலயே நிக்கிறவனும் ஊருக்குள்ள இருக்கான்."